மெட்டி கழலாத கால்

“தைராய்டு வீக்கம் டாக்டர். நீர் மாத்திரை போட்டுட்டுதான் இருக்கேன், வத்தவே மாட்டேங்குது.”

இதே பேச்சை ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகக் கேட்டேன். சொன்னவர் தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் நிற்பவர், வயது 44. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டம் வந்துவிட்டது. “ஸ்டூல் இருக்கு டாக்டர், கஸ்டமர் இல்லாதப்பதான் உக்காரலாம்” என்றார். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தி. நகரில் கஸ்டமர் இல்லாத நேரம் எது?

புடவையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். வலது கால் இயல்பாக இருந்தது. இடது கால் தொடையிலிருந்து விரல் வரை தூண் மாதிரி. வலது காலில் மெட்டி லேசாகச் சுழன்றது. இடது காலில் அது சதைக்குள் புதைந்து, மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. கடைசியாக எப்போது கழற்றினீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “ரெண்டு வருஷம் இருக்கும்” என்றார்.

நான் ஹார்மோன் மருத்துவர். நம் ஊரில் அப்படியென்றால் சர்க்கரையும் தைராய்டும். அதனால் உடம்பில் எது வீங்கினாலும் முதலில் என் வாசலுக்கு வந்துவிடுகிறது. வரட்டும், தப்பில்லை. ஆனால் தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். கொஞ்சம் கூடி 6 இருப்பதால் ஒரு கால் மட்டும் வீங்காது. தைராய்டு ஹார்மோன் ரத்தத்தோடு உடம்பெங்கும் ஓடுவது; இடது கால், வலது கால் என்று அதற்குப் பாரபட்சம் கிடையாது. கடுமையான தைராய்டு குறைபாட்டில் வரும் வீக்கம் வேறு மாதிரி: முகம் உப்பும், கண்ணிமை தடிக்கும், குரல் கரகரக்கும், இரண்டு காலும் சேர்ந்து வீங்கும்.

இப்போது நீர் மாத்திரைக்கு வருகிறேன். என் எரிச்சலெல்லாம் அதன் மேல்தான். வீக்கம் என்றால் நீர், நீர் என்றால் நீர் மாத்திரை. இந்தக் கணக்கை நம் மக்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஃபுரோசமைடு என்ற அந்த மாத்திரை சிறுநீரகத்தில் வேலை செய்யும் மருந்து. ரத்தத்திலிருந்து உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றும். இதயம் பலவீனமாகி, அல்லது சிறுநீரகமோ ஈரலோ கெட்டு நீர் கோர்த்தால் அது உயிர் காக்கும் மருந்து, நானே எழுதித் தருவேன். ஆனால் இந்த அம்மாவின் காலில் தேங்கியிருந்தது நிணநீர், அதாவது ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்ததைத் தனிக் குழாய்கள் வழியாகத் திரும்ப ரத்தத்துக்குக் கொண்டுபோகும் திரவம் (லிம்ஃப்). அதில் புரதம் நிறைய. மாத்திரை தண்ணீரை இழுத்துக்கொண்டு போனாலும் புரதம் அங்கேயே கிடக்கும். கிடந்து, போன தண்ணீரைத் திரும்ப இழுக்கும்.

மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். நவம்பரில் நாம் பார்க்காததா? அதை வடிக்க மொட்டை மாடித் தொட்டியை யாராவது காலி செய்வார்களா? நீர் மாத்திரை செய்வது அதைத்தான். தெருத் தண்ணீர் அப்படியே நிற்கும், வீட்டுக்குள் குழாயில் தண்ணீர் வராது. பொட்டாசியம் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், எழுந்தால் தலை சுற்றும். இவருக்கு ராத்திரி முழுக்கக் கால் இழுப்பு. அதற்குத் தனியாக ஒரு மாத்திரை. “தண்ணி குடிச்சா இன்னும் வீங்கும்” என்று அக்னி நட்சத்திரத்தில்கூடக் குடிநீரைக் குறைத்திருக்கிறார். மாத்திரை எழுதிய சீட்டு? ஒன்றரை வருடத்துக்கு முந்தையது, ஐந்து நாளைக்கு எழுதியது. மெடிக்கல் ஷாப்பில் பழைய அட்டையைக் காட்டினாலே கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, நிணநீர் எங்கே அடைத்தது? ஆறு வருடத்துக்கு முன் இவருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, பிறகு கதிர்வீச்சு. இடுப்பில் இருந்த நிணநீர்க் கணுக்களை (நிணநீரை வடிகட்டும் சின்ன முடிச்சுகள்) எடுத்திருக்கிறார்கள். “அது சரியாயிடுச்சே டாக்டர், அதான் சொல்லல.” அவர் சொல்லவில்லை என்பதில் எனக்குக் கோபமில்லை. இவர் ஏறி இறங்கிய மூன்று கிளினிக்குகளிலும் யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துத் தவறு அது. கணுக்களை எடுத்தவர்களுக்கு, கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு வீக்கம் பல வருடம் கழித்தும் வரும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை முழுதாக எடுத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. புதிதாக வீங்கினால் நோய் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்தோம்; நல்லவேளை, இல்லை.

நிணநீரைப் பலரும் வெறும் தண்ணீர் என்றே நினைக்கிறார்கள். 1622-ல் இத்தாலிய மருத்துவர் அசெல்லி, அப்போதுதான் சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக நூல்களைப் பார்த்தார். கீறினால் பால் மாதிரி வடிந்தது. அது சாப்பாட்டுக் கொழுப்பு. நாம் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியாகத்தான் கழுத்து வரை ஏறி, அங்கே ரத்தத்தில் கலக்கிறது.

அந்தக் குழாய் ஒழுகினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் கியெர்மோ ஒலிவர் என்ற விஞ்ஞானியின் குழு, நிணநீர்க் குழாய் உருவாகத் தேவையான ப்ராக்ஸ்-1 மரபணுவைப் பல வருடம் ஆராய்ந்தது. அந்த மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்று இல்லாமல் பிறந்து பிழைத்த எலிகள் வளர்ந்ததும் பருத்துப் போயின. குழாய்கள் ஒழுகிய வயிற்றுப் பகுதியில்தான் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. நடாஷா ஹார்வியும் ஒலிவரும் 2005-ல் வெளியிட்ட அந்த ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. கொழுப்பாக மாறக்கூடிய செல்களுக்கு நிணநீரைக் கொடுத்தால் அவை கொழுப்பைச் சேர்க்கின்றன. எலிக்கு நடந்ததை வைத்துக்கொண்டு ‘என் எடைக்கு நிணநீர்தான் காரணம்’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட கால் ஏன் அழுத்தினால் குழி விழாமல் கெட்டியாகிவிடுகிறது என்பதற்கு இது ஒரு விடை. தேங்கிய இடத்தில் கொழுப்பும் நாரும் வளர்ந்துவிடுகின்றன. அதற்கப்புறம் வடிக்க அங்கே நீர் அதிகம் இருக்காது. ஒன்றரை வருடத்தை மாத்திரையில் தொலைத்தாரே என்று எனக்கு ஆறாதது அதனால்தான்.

மெட்டிக்கு வருவோம். இரண்டாவது கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், மேல்பக்கத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். மடிப்பாக எழும்பவில்லை என்றால் நிணநீர் வீக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஸ்டெம்மர் என்ற மருத்துவர் 1976-ல் எழுதிய சோதனை. கருவி வேண்டாம், காசு வேண்டாம். நம் பெண்கள் அதே விரலில்தான் மெட்டி போடுகிறார்கள்! (கிள்ள முடிந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகிவிடாது, ஆரம்பக் கட்டத்தில் ஏமாற்றும்.)

கொலுசும் ஒன்று சொல்லும். சில பெண்களுக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலும் ஒரே அளவில் பருத்து, கொலுசு போடும் இடத்தில் வெட்டியது போல நின்றுவிடும். பாதம் மெல்லியதாகவே இருக்கும், மெட்டி சுலபமாகக் கழலும். தொட்டால் வலிக்கும், சின்ன இடிக்கே கன்றிப்போகும். இது லிப்பிடீமா. மேயோ கிளினிக்கின் ஆலனும் ஹைன்ஸும் 1940-லேயே பெயர் வைத்துவிட்டார்கள். நம்மில் பல டாக்டர்களுக்கு இன்னும் அறிமுகமாகவில்லை. வயதுக்கு வரும்போது, கர்ப்பத்தில், மாதவிடாய் நிற்கும்போது தொடங்குவதாலும், கிட்டத்தட்ட பெண்களுக்கு மட்டுமே வருவதாலும் ஈஸ்ட்ரோஜன்மேல் சந்தேகம் வலுவாக இருக்கிறது. அந்த மாதத்தின் இரண்டாவது ஆள் அப்படி ஒரு கல்லூரிப் பெண். முகமும் வயிறும் இளைத்துவிட்டன, கால் இளைக்கவில்லை. “ஒழுங்கா டயட் இருக்க மாட்டேங்குறா” என்று அம்மா என் எதிரிலேயே திட்டுகிறார். அம்மா, பொண்ணு ஒழுங்காத்தான் இருக்கா. திட்டாதீங்க.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற பெரியவர், இரண்டு கணுக்காலும் வீக்கம். காரணம் பிரஷருக்குப் போடும் ஆம்லோடிபின். நீர் மாத்திரைக்கு இந்த வீக்கமும் பெரிதாக அசையாது. டாக்டர் மருந்தை மாற்றினால் வடியும். நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் எகிறும்.

‘நிணநீர் டீடாக்ஸ்’ மசாஜ் பற்றியும் கேட்கிறார்கள். நிணநீர் எங்கும் வெளியே போவதில்லை, திரும்ப ரத்தத்துக்குத்தான் போகிறது. எந்த விஷத்தை எங்கே கழுவப் போகிறார்கள்? முறையாகக் கற்ற பிசியோதெரபிஸ்ட் செய்யும் நிணநீர் வடிப்பு வேறு விஷயம். குழந்தையைத் தடவுவது போல மென்மையாக, தோல் மட்டும் நகரும் அளவுக்குத்தான் அழுத்துவார்கள். எண்ணெய் போட்டு முறுக்கிப் பிழிந்தால் வீங்கிய கால் இன்னும் கெடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனை. மூச்சும் திணறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108. வீங்கிய காலில் சிவந்து, குளிர் ஜுரம் வந்தாலும் அன்றைக்கே. ஒவ்வொரு ஜுரமும் மிச்சமிருக்கும் குழாய்களைக் கெடுத்துவிட்டுப் போகும். கிருமி நுழைவது பெரும்பாலும் விரல் இடுக்கில் இருக்கும் சேற்றுப்புண் வழியாக. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, இடுக்குகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். மழைத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். கடையில் கிரேப் பேண்டேஜ் வாங்கி ஆடுசதையில் மட்டும் இறுக்கிக் கட்டாதீர்கள், பாதம் பலூன் ஆகிவிடும். கட்டு விரலருகே தொடங்கி மேலே போக வேண்டும். கற்றவர் கட்ட வேண்டும். சர்க்கரை இருந்தால் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்த பிறகே கட்ட வேண்டும். நடங்கள். தசை அசைந்தால்தான் நிணநீர் ஏறும். மார்பக அறுவைக்குப் பிறகு கையில் எடையே தூக்கக்கூடாது என்ற பழைய அறிவுரையை 2009-ல் ஒரு அமெரிக்க ஆய்வே உடைத்துவிட்டது. கண்காணிப்போடு படிப்படியாக எடை தூக்கிய பெண்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை.

புடவைக் கடை அம்மாவின் மெட்டியை நகைக்கடை ஆசாரிதான் வெட்டி எடுத்தார். கட்டு ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. கணுக்காலில் டேப் வைத்து அளந்தால் 3 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. கெட்டியான இடம் அப்படியே இருக்கிறது. “மெட்டி எப்ப போடலாம் டாக்டர்?” என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

என்னிடம் வந்தாலும் வேறு யாரிடம் போனாலும், போடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பழைய ஆபரேஷன் ஃபைலையும், எத்தனை வருடமானாலும். அப்புறம், முழங்காலுக்கு மேல் தூக்க முடியாத இறுக்கமான பேண்ட்டில் வராதீர்கள். இரண்டு காலையும் பார்க்க வேண்டும்.