அடுத்தவர் லோட் பண்ண தோட்டாவ உங்க பிஸ்டல்ல போடாதீங்க

டெக்சாஸ்ல துப்பாக்கி சுட்டு பழகற இடத்துல (ரேஞ்ச்) சேஃப்டி ஆபீசராவும், துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்தாவும் வேலை பாக்கறேன். ஐடி வேலைக்கு வந்து செட்டில் ஆன நம்ம ஆளுங்க இப்ப நெறைய பேர் வீக்கெண்ட்ல 9 எம்எம் பிஸ்டல எடுத்துக்கிட்டு ரேஞ்சுக்கு வர்றாங்க, சந்தோஷம்தான். ஆனா "கூட வேலை பாக்கறவரு வீட்லயே லோட் பண்றாரு, பாதி வெலைக்கு குடுத்தாரு"ன்னு ஜிப்லாக் கவர்லேர்ந்து தோட்டாவ எடுத்து மேஜைல கொட்டும்போது எனக்கு வயித்த கலக்கிடும்.

ரீலோடிங்கே, அதாவது சுட்ட தோட்டாவ திரும்ப தயார் பண்றதே, தப்புன்னு சொல்ல வரல. சுட்டப்புறம் மிஞ்சற பித்தளை கூட்ட (கேஸ்) கழுவி, சைஸ் பண்ணி, அடில புது பிரைமர் (மொதல்ல வெடிச்சு பவுடர பத்த வைக்கறது) போட்டு, பவுடர் அளந்து ஊத்தி, புல்லட்ட (பறந்து போற முனை) உக்கார வச்சு கேஸ் வாய இறுக்கி கிரிம்ப் பண்றது இங்க ரொம்ப காலமா நடக்கற வேலை, போட்டிக்கு சுடறவங்க பல பேர் அவங்களே லோட் பண்ணதத்தான் சுடறாங்க, 2020ல கொரோனா டைம்ல கடைல தோட்டாவே கிடைக்காம போனப்ப புதுசாவும் நெறைய பேர் எறங்கினாங்க. என் கவலை வேற. ஒவ்வொரு தடவ சுட்டதும் அடுத்த தோட்டாவ தானே ஏத்திக்கற செமி ஆட்டோவுல ஒரு தோட்டா சொதப்பினா அது பின்னாடியே அடுத்தது ரெடியா நிக்குது, அத சேம்பருக்குள்ள (தோட்டா வெடிக்கற அறை) கொண்டு வர்றதுக்கு உங்க கையும் நல்லா பழகி இருக்கு.

ஸ்குவிப்னு சொல்லுவோம், பவுடரே விழாத தோட்டா. பிரைமர் மட்டும் வெடிக்கும், அந்த வேகம் புல்லட்ட கேஸ்லேர்ந்து பேரலுக்குள்ள (துப்பாக்கி குழல்) தள்ள போதும், வெளிய அனுப்ப பத்தாது. சத்தம் "டப்"னு அமுங்கி கேக்கும், கிக் இருக்காது, பெரும்பாலும் ஸ்லைடும் (பிஸ்டல் மேல முன்னும் பின்னும் நகரற பாகம்) பின்னாடி வராது. பிஸ்டல் கிளாஸ்ல என்ன சொல்லிக் குடுத்தாங்க? சுடலன்னா மேகசின் (தோட்டா அடுக்கற பெட்டி) அடில ஒரு தட்டு, ஸ்லைட ஒரு இழு, திரும்ப சுடு. வேற ஜாமுக்கு அது சரி, ஆனா இங்க அதே பழக்கம் அடச்சுக்கிட்ட பேரலுக்கு பின்னாடி முழு பவுடர் உள்ள தோட்டா ஒண்ண கொண்டு போய் வச்சிடுது. மாட்டின புல்லட் சேம்பர் வாய்லயே நின்னா அடுத்தது உள்ள போகாது, தப்பிச்சீங்க. ஒரு இஞ்ச் தாண்டி நின்னா ஸ்லைடு ஒழுங்கா மூடிக்கும், உங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது.

அப்படி சுட்ட துப்பாக்கி என் பெஞ்சுக்கு வரும்போது பல சமயம் ஸ்லைடே கழலாது, பேரல் வீங்கி ஸ்லைடுக்குள்ள இறுகிக்கிட்டு நிக்கும். மெதுவா தட்டி கழட்டி, பேரல வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு உள்ள பாத்தா கருப்பா ஒரு வளையம் தெரியும், வெளிப்பக்கம் விரலால தடவினாலே மேடு தட்டுப்படும். அந்த பேரல் அவ்ளோதான், தூக்கி போட வேண்டியதுதான். வீங்கினதோட நின்னா பேரல் செலவோட போச்சு, எல்லா நேரமும் அதோட நிக்கறதில்ல.

இதுக்கு நேர் எதிர் டபுள் சார்ஜ், ஒரே கேஸ்ல பவுடர் ரெண்டு தடவ விழறது. 9 எம்எம் தோட்டாவுக்கு பவுடர் சுமாரா 4 கிரெய்ன் சுத்தி, அதாவது ஒரு கிராம்ல கால்வாசி. டைட்குரூப் மாதிரி அடர்த்தியான பவுடர் கேஸ்ல பாதி கூட நெறையாது, அதனால ரெண்டு தடவ விழுந்தாலும் வெளிய வழியாது, மேல புல்லட் உக்காந்துட்டா பாத்து கண்டுபிடிக்கவே முடியாது. 9 எம்எம்முக்கு அமெரிக்க தரக்கட்டுப்பாடு வச்சிருக்கற உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, உங்க கார் டயர்ல இருக்கறத விட ஆயிரம் மடங்கு, அத விட பெரிய .45 ஏசிபி தோட்டாவுக்கு கூட 21,000 தான். ஏற்கனவே அந்த அளவுல வேலை செய்யற தோட்டாவுல ரெட்டிப்பு பவுடர்னா கேஸ் தாங்காது. ஃபீட் ராம்ப் (மேகசின்லேர்ந்து தோட்டா சேம்பருக்கு ஏறற சரிவு) பக்கம் கேஸோட அடிப்பகுதிக்கு சேம்பர் சுவரோட சப்போர்ட் கம்மி, அங்கதான் பிச்சுக்கும். வெடிச்ச வாயு மேகசின் வழியா கீழ எறங்கி மேகசின வெளிய அடிச்சு தள்ளும், பாலிமர் கிரிப் உங்க உள்ளங்கைலயே விரியும்.

இன்னொண்ணு செட்பேக். மேகசின்லேர்ந்து ஒவ்வொரு தோட்டாவும் ராம்ப்ல மூக்க இடிச்சுக்கிட்டுதான் உள்ள போகுது. கேஸோட பிடிமானம் லூசா இருந்தா புல்லட் உள்வாங்கிடும், உள்ள இடம் சுருங்கும், அழுத்தம் எகிறும். மேஜை விளிம்புல புல்லட் மூக்க வச்சு கட்டை விரலால அழுத்தி பாருங்க, அசைஞ்சா அத சுடாதீங்க. ஃபேக்டரி தோட்டாவையும் தெனம் எறக்கி ஏத்திக்கிட்டே இருந்தா இதே கதைதான்.

பிஸ்டலோட வர்ற மேனுவல தொறந்து பாருங்க, க்ளாக்ல ஆரம்பிச்சு பெரும்பாலான கம்பெனி ரீலோட் போடாதே, போட்டா வாரண்டி கிடையாதுன்னு எழுதியிருப்பாங்க. கடைல ரீமேனுஃபேக்சர்டுன்னு பாக்ஸ்ல விக்கறது வேற, அது லைசென்ஸ் உள்ள கம்பெனி செய்யறது, கேள்வி கேக்க ஒரு ஆள் இருக்கு. தொழிலா லோட் பண்ணி விக்கணும்னா ஃபெடரல் லைசென்ஸ் வேணும், டைப் 06னு பேரு. ஜிப்லாக் கவர் குடுத்த நண்பர்கிட்ட அது இருக்கான்னு கேட்டு பாருங்க.

நீங்களே லோட் பண்றவங்களா? புல்லட் வைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் லைட் அடிச்சு கண்ணால பாருங்க, இத மட்டும் யாருக்காகவும் விட்டுக்குடுக்காதீங்க. டில்லன் 550 மாதிரி, கேஸ் நிக்கற தட்டை கையாலயே நகர்த்தற லோடிங் மெஷின்ல (பிரஸ்) போன் வந்து கவனம் சிதறினா அதே கேஸ்ல மறுபடி பவுடர் விழும். கேஸ்ல நல்லா மேல வரைக்கும் நெறையற பவுடரா எடுத்தா ரெண்டாவது தடவ விழும்போது வழிஞ்சு காட்டிக்குடுக்கும். பேரல கழட்டி தோட்டாவ அதுல போட்டு பாருங்க, "டங்"னு முழுசா எறங்கணும், விரலால சுத்தினா சுத்தணும். பிரைமர் தலை கேஸ் அடிய விட வெளிய துருத்தக் கூடாது.

ரேஞ்ச்ல சத்தமோ கிக்கோ வித்தியாசமா பட்டா உடனே நிறுத்துங்க. மேகசின் உள்ள இருக்கும்போது ஸ்லைட இழுக்காதீங்க. துப்பாக்கி முனை டார்கெட் பக்கமே இருக்கட்டும், 30 செகண்ட் காத்திருங்க, மேகசின எடுங்க, ஸ்லைட தொறந்து சேம்பர் காலியான்னு பாத்துட்டு எங்கள கூப்பிடுங்க, நாங்க பேரலுக்குள்ள ராட் விட்டு பாத்து சொல்றோம். யாரும் உங்கள கிண்டல் பண்ண மாட்டோம், பத்து தடவ சும்மா கூப்பிட்டாலும் பரவால்ல. கண்ணுக்கு இசட்87 முத்திரை உள்ள கண்ணாடி போடுங்க, படிக்கற கண்ணாடி அதுக்கு ஆகாது.

ஏற்கனவே வாங்கி வச்சிருந்தா குப்பைல போடாதீங்க, குப்பை வண்டில அது நசுங்கும். எங்கள மாதிரி கன்ஸ்மித்கிட்ட குடுத்தா பிரிச்சு போட்டுடுவோம். பல ஊர்ல போலீஸ்லயே வாங்கிக்குவாங்க, ஆனா எமர்ஜென்சி இல்லாத நம்பருக்கு மொதல்ல போன் பண்ணி எப்படி கொண்டு வரணும்னு கேட்டுட்டு கிளம்புங்க, கவர கைல பிடிச்சுக்கிட்டு நேரா கவுண்டர்ல போய் நிக்காதீங்க.