நிறையின்மை: இங்கே ஒன்று, அக்கரையில் இன்னொன்று

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மருமகள் ஒரு தாளோடு வந்தாள். 'போலி நிறையின்மை'யில் வைத்த எலிகளின் உடலில் ஒட்சியேற்ற எதிரிகள் எப்படி மாறுகின்றன என்பது விஷயம். சென்னையில் படித்த அவளுடைய அக்கா, "நிறையின்மை என்று எழுதாதே, அது ஒளித்துகளுக்குச் சொல்வது" என்றாளாம். "மாமா, ஆர் சரி?"

இரண்டு பேரும் சரி. இலங்கையில் நமது பாடப்புத்தகத்தில் மாஸ் என்றால் திணிவு, வெயிட் என்றால் நிறை. தமிழ்நாட்டில் மாஸ்தான் நிறை, வெயிட் எடை. ஆகவே நம் நிறையின்மை அங்கே எடையின்மை.

நிறு என்ற வினையிலிருந்து வந்தது நிறை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் "ஒரு கிலோ நிறுத்துத் தாங்கோ" என்கிறோமே, அதே நிறு. தொல்காப்பியமும் 'அளவும் நிறையும்' என்று படியளவையும் நிறுத்தலையும் சேர்த்தே சொல்கிறது. எடை, எடு என்பதிலிருந்து. கையால் தூக்கினால் தெரிகிற பாரத்துக்கு அது பொருத்தமான சொல்தான். நான் நிறையின் பக்கம். ஆனாலும் இருதட்டுத் தராசு உண்மையில் ஒப்பிடுவது திணிவை என்பதால் அக்கரைக்காரரையும் குறைசொல்ல முடியாது.

இனி 'இன்மை'. இல்லாமற் போவது ஈர்ப்பு அல்ல. சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்திலும் புவியீர்ப்பு நிலத்தில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் வாளியை மேலே இழுக்கும்போது கயிறு கைநழுவினால், விழுகிற அந்த நொடியில் தண்ணீர் வாளியின் அடியை அழுத்தாது. நிலையமும் அப்படி விழுந்துகொண்டே சுற்றுகிறது.

ஆய்வுகூடத்தில் அதைப் போலச் செய்கிறார்கள். எலியை வாலில் தூக்கிப் பின்னங்கால்கள் தரையில் படாமல் வைப்பார்கள். மனிதரென்றால் தலைப்பக்கம் 6 பாகை தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்காகப் படுக்க வேண்டும். இரண்டிலும் ஈர்ப்பு முழுசாக இருக்கிறது, காலுக்குச் சுமைதான் இல்லை. 'போலி' என்றால் கள்ளச் சாமான் போல ஒலிக்கிறது. 'பாவனை' என்றால் இங்கே உபயோகம் என்றாகிவிடும், மின்பாவனை போல. எனக்குப் பிடித்தது 'போலச்செய்த நிறையின்மை'.

அப்புறம் ஒட்சியேற்ற எதிரி. சைக்கிள் செயினில் கறள் பிடிப்பது ஒட்சியேற்றம். உடலுக்குள்ளும் ஒட்சிசனிலிருந்து சுயாதீன மூலிகங்கள் (ஃப்ரீ ராடிக்கல்) உண்டாகிக் கலங்களை, அதாவது செல்களை, கெடுக்கும். அவற்றைத் தணிப்பவை இந்த எதிரிகள். தேசிக்காயிலுள்ள விற்றமின் சி ஒன்று. உடலே செய்யும் நொதியங்களும் (என்சைம்) உண்டு. புண்ணில் ஐதரசன் பரவொட்சைட்டு பட்டதும் நுரைக்கிறதே, அது கற்றலேசு என்ற நொதியம் அதை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைப்பது. சென்னையில் ஆன்டிஆக்சிடன்ட், அல்லது ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள். ஆன்டிபாடியைப் பிறபொருளெதிரி என்று எழுதிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு 'எதிரி' தானாகவே வரும்.

வாலில் தூக்கிய எலிகளின் கெண்டைக்கால் தசையில், கற்றலேசின் செயற்பாடு குறைந்து, ஒட்சியேற்றச் சேதம் கூடியதைக் கண்டிருக்கிறார்கள். வேலை செய்யாத தசைக்குத் தேய்மானம் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது மறுவளம். சும்மா கிடந்த தசை மெலிந்தது, காவலும் தளர்ந்தது.

மருமகள் 'போலச்செய்த நிறையின்மை' என்றே தலைப்பிட்டாள். அக்காவுக்கு அனுப்பிய பிரதியில் மட்டும் நிறையை வெட்டி எடை என்று எழுதியிருந்தாள்.