சாரலை நம்பும் வயலும் அருவியும்: குற்றாலத்தில் கவனிக்க வேண்டியவை

தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்க, ஆரியங்காவுக் கணவாய் அதற்கு வழி விடுகிறது. அந்த வழியாக வரும் ஈரக்காற்றுதான் செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பகுதியின் சாரல். அதே காற்று சுரண்டை, ஆலங்குளம் போய்ச் சேரும்போது ஈரம் வற்றி, வாழையைச் சாய்க்கும் வெறுங்காற்றாகிவிடும். அங்கே காற்று சாய்க்கும் பக்கம், அதாவது கிழக்கில், முட்டுக் கொடுக்காத தார் தப்புவது கடினம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்து விடுதிகளும் மசாஜ் நிலையங்களும் பிழைப்பது இந்தச் சாரலால். இந்த மாதங்களில் பயிராகும் கார் பருவ நெல்லுக்கும் அதுவே ஆதாரம். பேரருவியில் நாம் குளித்த தண்ணீர்தான் சிற்றாறாக ஓடி, அணைக்கட்டு, கால்வாய், குளம் என்று வயலுக்குப் போகிறது.

கார் சாகுபடியில் நட்டம் பெரும்பாலும் நாற்றங்காலிலேயே தொடங்கிவிடுகிறது. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்காலும் 24 கிலோ விதையும் போதும். அம்பை 16 போன்ற 110 நாள் ரகங்களுக்கு 18 முதல் 22 நாள் நாற்றே சரி. கோடை மழையில் அருவி விழுந்ததைப் பார்த்து நாற்றங்காலில் அவசரமாக விதை பாவினால், பருவமழை தள்ளிப்போகும்போது நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றில் தூர் வெடிப்பது குறையும், கதிர் முன்பின்னாக வரும். குண்டாறு அணை 36 அடிதான். சில நாள் நல்ல மழைக்கே நிரம்பிவிடும். அது நிரம்பிய செய்தியை வைத்துப் பாவாதீர்கள். உங்கள் கால்வாயில் தண்ணீர் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

நட்ட பிறகு குலைநோய் வரும். இலை காயாமல், வெயில் இல்லாமல், இரவு குளிர்ந்து பல நாள் போனால் இலையில் கண் வடிவப் புள்ளி தெரியும்: ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். பயிர் வெளிறுகிறதே என்று அப்போது யூரியா போட்டால் நோய்தான் கொழுக்கும். வெயில் திறக்கும் வரை மேலுரத்தை நிறுத்துங்கள். விதைக்கும்போதே கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கலப்பது நல்ல முன்காப்பு.

மலையடிவாரத் தோட்டங்களில் மங்குஸ்தானுக்கு இந்த ஈரம் பிடிக்கும். ஆனால் வறட்சிக்குப் பின் திடீரெனக் கனமழை கொட்டினால் காய்க்குள் மஞ்சள் பால் கசிந்து சுளை கசக்கும். வறண்ட வாரங்களில் சீராகத் தண்ணீர் விட்டு, தூரில் மூடாக்குப் போட்டால் குறையும்.

அருவிக்கு வருவோர் ஒன்றை மறக்கக் கூடாது. கீழே வெயில் அடிக்கிறது என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. மலைமேல் உள்ள செண்பகாதேவி, தேனருவிக்கும் மேலே காட்டில் பெய்தால், கீழே ஒரு துளி விழாமலே வெள்ளம் வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது; சீசன்கூட அப்போது தொடங்கவில்லை. தண்ணீர் செம்மண் நிறமாகக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் விழுந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, துணிமணியைத் தேடாமல் உடனே மேடேறுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தே எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளுங்கள். காய்ச்சல், ஆறாத புண், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டவே வேண்டாம். அரை மணி நேரம் ஊறி, பயத்தமாவு தேய்த்து, நிலையத்திலேயே வெந்நீரில் எண்ணெயைப் போக்கிய பிறகு அருவிக்குப் போகலாம். எண்ணெய் உடம்போடு போனால் பாசிப் பாறை இன்னும் வழுக்கும், பின்னால் நிற்பவரும் விழுவார். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தடையும் இருக்கிறது.

நிலையம் நடத்துவோர் கழிவுநீரை நேரே ஓடையில் விடாதீர்கள். இரண்டு அறைத் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். மிதக்கும் எண்ணெய் உள்ளேயே தங்கும். சீசனில் வாரம் ஒருமுறையாவது அதை வழித்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டி இருந்தும் பயனில்லை. வாசலில் குப்பைத் தொட்டியும் வையுங்கள். வீசியெறியும் ஷாம்பு பாக்கெட்டுகள் கால்வாய் மடையில் அடைத்துக்கொண்டால், சாரல் அடிக்கும் மாதத்திலேயே கடைமடை வயல் காயும்.