ஆடிட்டர் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி விற்கிற ஒருவர் லோனுக்குப் போனால், பேங்கில் "ஆடிட்டர் கையெழுத்து போட்ட கணக்கு கொண்டு வாங்க" என்பார்கள். அவரும் வாங்கிக்கொண்டு போவார், அவர்கள் கேட்டது வேறொன்றாக இருக்கும், திரும்ப நாகர்கோவில் ஆடிட்டரிடம் ஒரு அலைச்சல். கையெழுத்து ஒரே ஆளுடையதுதான், அவர் எவ்வளவு பொறுப்பேற்கிறார் என்பதில் மூன்று படி உண்டு.

கம்பைலேஷன் என்றால், நீங்கள் கொடுத்த பில், பாஸ்புக்கை வைத்து பேலன்ஸ் ஷீட் தயாரித்துத் தருவது, அவ்வளவுதான். அவை சரியா என்று சோதிப்பதில்லை, எந்த உறுதியும் தருவதில்லை.

அடுத்தது ரிவ்யூ. உங்களிடம் கேள்வி கேட்பார், போன வருஷக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், கடைசியில் "கணக்கில் பெரிய தவறு இருப்பதாக நினைக்கும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்ற அளவில் எழுதுவார்.

ஆடிட்தான் மேல்படி. சரக்கு பெரிய தொகை என்றால் குடோனில் ஷீட்டை எடை போடும்போது நேரில் வந்து நிற்பார், பேங்க் இருப்பை பேங்கிடமே கேட்பார், உங்களுக்குப் பணம் தர வேண்டிய கம்பெனிக்குக் கடிதம் போட்டு பாக்கியை உறுதி செய்வார், அப்புறம்தான் கணக்கு உண்மையாகவும் நியாயமாகவும் இருக்கிறது என்று எழுதுவார். அதனால்தான் ஃபீஸும் கூடுதல். இருந்தாலும் மாதிரிக்குச் சில பில்களை எடுத்துத்தான் பார்ப்பார்கள், கூட்டுச் சேர்ந்து செய்த போலி பில் தப்பிவிடலாம். இது நூற்றுக்கு நூறு கியாரண்டி இல்லை.

யாருக்குக் கட்டாயம்? பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு ரூபாய் வியாபாரம் இல்லாவிட்டாலும் ஆடிட் வேண்டும். எல்எல்பி, அதாவது பங்குதாரர் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம் என்றால், விற்றுவரவு 40 லட்சத்தையோ பங்குதாரர்கள் போட்ட முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால். தனி ஆள் வியாபாரத்துக்கு வருமான வரிச் சட்டப்படி விற்றுவரவு 1 கோடிக்கு மேல் போனால் டேக்ஸ் ஆடிட், மொத்த வரவில் ரொக்க வரவும் மொத்தச் செலவில் ரொக்கச் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடி. 2 கோடி வரை அனுமான வருமான முறையில், அதாவது விற்றுவரவில் சட்டம் சொல்லும் சதவீதத்தை லாபமாகக் காட்டி, ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு இது வேண்டாம்.

சட்டம் கேட்காவிட்டாலும் பேங்க் கேட்கலாம், அதனால் மூன்றில் எது வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆடிட், ரிவ்யூ அறிக்கை கைக்கு வந்ததும் அதில் 18 இலக்க யூடின் எண் (ஒவ்வொரு அறிக்கைக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இருக்கிறதா பாருங்கள், அதை ஆடிட்டர்களின் அமைப்பான ஐசிஏஐயின் யூடின் தளத்தில் போட்டால் அது நிஜமான அறிக்கையா என்று தெரிந்துவிடும்.