ஊசி போடாத டாக்டரம்மா

போன வாரமும் ஒருவர். அறுபதைத் தாண்டிய அம்மா, ஆட்டோவில் படுக்கவைத்துத்தான் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. பிரஷர் எண்பதுக்கும் கீழே. "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டால், "எதுவும் இல்லீங்க டாக்டரம்மா. முட்டிவலிக்குக் கடையில செட்டு மாத்திரை வாங்குவாங்க, அதையும் நாலு நாளா நிறுத்திட்டோம்" என்கிறார் மகன். ரொம்ப நாளாக வாங்கிச் சாப்பிட்டதாம். எத்தனை வருடம் என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டெல்டாப் பக்கம் இருப்பவர்களுக்குச் செட்டு மாத்திரை என்றால் விளக்க வேண்டியதில்லை. ஒரு வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, சத்துக்கு மஞ்சளாக ஒன்று, கூடவே பொடியாக ஒரு வெள்ளை மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பெயர் கிடையாது. அந்தப் பொடி மாத்திரை பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. "அந்தக் கடை மாத்திரைதான் கேக்குது" என்று சொல்ல வைப்பது அதுதான்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. 2020இல் கொரோனா வந்து ஆக்சிஜனில் கிடந்தவர்களைக் காப்பாற்றிய மருந்துகளில் இதே டெக்ஸாவும் ஒன்று. ஆனால் அது ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள், அதுவும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து. முட்டிவலிக்கு வருடக்கணக்கில் விழுங்கினால் சுகர் ஏறும், எலும்பு கரையும், லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும், தொடை வலுவிழந்து தரையிலிருந்து எழுந்திருக்க முடியாது. முகம் உப்பி உருண்டையாகும். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் "உடம்பு தேறிட்டே" என்பார்கள்! இதற்கிடையே நம் உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டை நிறுத்திவிடும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று விட்டால், கூடவே ஒரு காய்ச்சலும் வந்தால், ஆள் சரிந்துவிடுவார். அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். ஹைட்ரோகார்ட்டிசோன் என்கிற ஸ்டீராய்டு ஊசி போட்டு, சலைன் ஏற்றி, 108இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இப்போது பரவாயில்லை.

ஆமாம், அன்றைக்கு ஊசி போட்டேன். இந்த டவுனில் எனக்கு ஊசி போடாத டாக்டரம்மா என்றே பெயர், அதனால் சொல்கிறேன். "ஊசி போடலையே, அப்புறம் எதுக்கு ஃபீஸ்?" என்று வெளியே காம்பவுண்டரிடம் சண்டை போடுவார்கள். உள்ளே நாக்கு, கண், வயிறு எல்லாம் பார்த்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்து, மூன்று கேள்வி கேட்டது எதுவும் கணக்கில் வராது.

ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும் என்பதைப் போல என்னைச் சோர வைக்கும் நம்பிக்கை வேறில்லை. சாதாரண வைரல் காய்ச்சலை எந்த ஊசியும் விரட்டுவதில்லை. மூன்று நான்கு நாளில் அது தானாகப் போகும். மூன்றாம் நாள் ஊசி போட்டுக்கொள்கிறீர்கள், நான்காம் நாள் இறங்குகிறது, பெயர் ஊசிக்குப் போகிறது. பாராசிட்டமால் மாத்திரை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். இடுப்பில் குத்தினால் கூடுதலாகக் கிடைப்பது வலிதான். இடம் தவறினால் நரம்பில் பட்டுப் பாதம் தொங்கிப்போகும். டெங்குவாக இருந்து, அதில் டைக்ளோ (டைக்ளோஃபெனாக்) என்கிற வலி ஊசியும் போட்டுவிட்டால் ரத்தக் கசிவுக்கு நாமே வழிவிட்டதாகிவிடும். (அதே டைக்ளோ, மாட்டுக்குப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைக் கிட்னி கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் சாகடித்த மருந்து. கால்நடைகளுக்கு 2006இல் தடை. மனிதர்களுக்கான பெரிய பாட்டில் மாட்டுக்குப் போகிறது என்று 2015இல் அதையும் நிறுத்தினார்கள். கழுகின் கிட்னிக்கு இருக்கிற கவலை நம் கிட்னிக்கு இல்லை.)

அடுத்தது, "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பா இருக்கும்." அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, மீதி தண்ணீர். மொத்தம் 100 கலோரி. வாந்தி இல்லாமல் குடிக்க முடிகிறவருக்கு ஒரு சொம்பு உப்புப் போட்ட கஞ்சி அதைவிட மேல். பேதி என்றால் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம்.

கோபமாக எழுதுகிறேன், ஆனால் யார் மேல் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. நடவுக்குப் போகிற பெண்ணுக்கு இன்றைக்கு வலி நின்றால்தான் நாளைக்குக் கூலி. "ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா" என்று சொல்வது எனக்குச் சுலபம். அந்த அவசரத்தைக் காசாக்கிப் பொடி மாத்திரை மடித்துக் கொடுப்பவர்கள் மேல்தான் கோபம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே டாக்டர் பார்க்கிற ஊர் இது. யார் வீட்டில் சுகர், யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. நீங்கள் சொல்லாத மாத்திரை மட்டும் அதில் இல்லை.

எனவே, பெயர் தெரியாத மாத்திரை வேண்டாம். அட்டையோடு கேளுங்கள், தரவில்லை என்றால் வாங்காதீர்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஊசி போட்டால் என்ன மருந்து என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டரிடம் அடுத்த முறை போகாதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு. மூன்று நாளைத் தாண்டினால் ரத்தம் பாருங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, கறுப்பாக மலம், கை கால் சில்லிட்டுப்போவது, தூங்கி வழிவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான்.

கடைசியாக, தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள். வீட்டில் யாராவது மாதக்கணக்கில் செட்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே நிறுத்திவிடாதீர்கள். இருக்கிற மாத்திரையை அப்படியே காகிதத்தோடு ஏதாவது ஒரு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். அதற்குள் காய்ச்சலோ வாந்தியோ வந்தால், ஆபரேஷன் என்று யாராவது சொன்னால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது: "இவங்க ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுத்திருக்காங்க."