வெள்ளை வீடு, வெளுத்த வானம்: பழைய படங்கள் ஏமாற்றும் விதம்

அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான டஸ்கரோரா மக்களின் தலைவர் ஜான் மவுண்ட் பிளசண்ட், நயாகரா அருவிக்கு அருகே தம் மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில், மனைவி கரோலின் பார்க்கருடன் பெரிய பண்ணை வைத்து வாழ்ந்தவர், 1887இல் இறந்தார். அந்தக் காலத்துத் தலைவர் ஒருவரின் வீட்டைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால், வெள்ளை வீடு, மப்பான வானம் என்று சொல்லத் தோன்றும். இரண்டுமே தவறாக இருக்கலாம்.

காரணம், அக்காலத்தில் படமெடுக்கப் பயன்பட்ட கண்ணாடித் தட்டில் பூசியிருக்கும் வெள்ளி புரோமைடு. ஒளி பட்டதும் அதில் ஓர் எலக்ட்ரான் விடுபட்டு, ஒரு வெள்ளி அயனியை வெள்ளி அணுவாக்குகிறது. ஒரே இடத்தில் நாலைந்து அணுக்கள் சேர்ந்தால் போதும். அந்தச் சின்னப் புள்ளியில் தொடங்கி, கோடிக்கணக்கான அயனிகள் கொண்ட முழுத் துகளையும் டெவலப்பர் கரைசல் கறுத்த வெள்ளியாக மாற்றிவிடும். வேதியியலில் இவ்வளவு அழகான பெருக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் எலக்ட்ரானை விடுவிக்க ஒளிக்கு ஆற்றல் வேண்டுமே. நீலத்துக்கும் ஊதாவுக்கும் புற ஊதாவுக்கும் அது உண்டு. பச்சைக்குப் பற்றாது, சிவப்புக்குச் சுத்தமாகக் கிடையாது. அதனால் நீல வானம் தட்டை நன்றாகக் கறுக்கவைக்கும். அச்சிடும்போது கறுப்பும் வெளுப்பும் இடம் மாறுவதால் அது வெள்ளையாகிவிடும், மேகம் இருந்தாலும் தனியே தெரியாது. செங்கல் புகைபோக்கியும் புல்வெளியும் இருண்டுபோகும். வெளிர்நீலச் சுவரும் வெள்ளைச் சுவரும் ஒன்றுபோல இருக்கும். சாயம் சேர்த்தால் தட்டு பச்சையையும் உணரும் என்று ஹெர்மன் ஃபோகல் 1873இல் கண்டுபிடித்தார். அது பரவக் காலம் பிடித்தது.

சரி, இப்படிப்பட்ட படங்களில் பல சமயம் வாசலில் ஏன் ஆளே இல்லை? பூச்சு உலர்வதற்குள் படமெடுக்க வேண்டிய பழைய ஈரத் தட்டுக்குப் பல விநாடி ஒளி தேவைப்பட்டது. நடந்துபோனவர் மங்கலாகப் பதிவார், அல்லது பதியவே மாட்டார். 1870களின் இறுதியில் கடைக்கு வந்த ஜெலட்டின் உலர் தட்டுதான் இந்த நேரத்தை விநாடிக்கும் குறைவாக்கியது.

இதையெல்லாம் கவனிப்பது இங்கே மிக முக்கியம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போருக்குப் பிறகு வட கரோலினாவை விட்டு வடக்கே வந்தவர்கள் டஸ்கரோரா மக்கள். 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, அவர்களுடைய நிலத்தில் சுமார் 550 ஏக்கர் நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்குப் போனது. இழந்த இடங்களுக்குப் படமே சாட்சி என்றால், அதைச் சரியாகப் படிக்க வேண்டும்.

வடிவத்தை நம்பலாம். கதவு, சன்னல், கூரைச் சரிவு ஆகியவற்றின் விகிதங்களைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். நிறம் தெரிய வேண்டுமானால் மிஞ்சிய மரப்பலகையில் ஒரு துணுக்கை வெட்டி, பெயின்ட் அடுக்குகளை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும்.