விஎம்முக்கு நெட்வொர்க் கார்டைப் பங்கு போடும் முன் மெமரிக் கணக்கைப் பாருங்கள்

குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களிலும் ஊட்டி விடுதிகளிலும் பில்லிங், கோப்புகள், கேமரா பதிவு எல்லாம் ஒரே சர்வரில் தனித்தனி விஎம்களாக, அதாவது சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளாக, ஓடுகின்றன. கேமரா பதிவில் பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு) விழுந்தால், அதாவது தொலைந்தால், உடனே வரும் யோசனை: எஸ்ஆர்-ஐஓவி (ஒரு நெட்வொர்க் கார்டைப் பல பங்குகளாகக் காட்டும் வசதி) போட்டு, கார்டின் ஒரு பங்கை, அதாவது ஒரு விஎஃப்பை, விஎம்முக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம். கொடுக்கலாம். ஆனால் மெமரி பிரியும் விதமே அங்கே மாறிவிடுகிறது.

மென்பொருளாலான நெட்வொர்க் கார்டாகிய விர்ட்டியோவில் பாக்கெட்டை ஹோஸ்ட் (விஎம்களை ஓட்டும் சர்வர்) வாங்கி விஎம்மின் மெமரியில் நகலெடுத்து வைக்கும். அதனால் 8 ஜிபி என்று அறிவித்த விஎம் 3 ஜிபியைத்தான் தொட்டிருந்தால், மீதி ஹோஸ்டின் கையில் இருக்கும். விஎஃப்பில் கார்டே விஎம்மின் மெமரிக்குள் நேராக எழுதுகிறது. எந்த மெமரிப் பக்கத்தில் எழுதும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், விஎம் கிளம்பும்போதே 8 ஜிபியும் அதற்கென்றே பூட்டப்படும். 32 ஜிபி சர்வரில் இப்படி நான்கு விஎம் வைத்தால் கடைசி விஎம் கிளம்பாது. மெமரி ஒதுக்க முடியவில்லை என்ற பிழைதான் வரும். கார்டு பழுது என்று நினைத்து அதை மாற்றுவது வீண் செலவு. ஹோஸ்டுக்கென்று குறைந்தது 4 ஜிபியாவது விட்டுவிட்டு மீதியைப் பிரியுங்கள்.

வரும் பாக்கெட்டுகளை வைக்கும் இடங்களின் வரிசையான ரிங்குக்குப் போகும் மெமரி இதோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரு டிஸ்கிரிப்டருக்கு, அதாவது ரிங்கின் ஓர் இடத்துக்கு, 2 கேபி பஃபர் என்றால், 4096 இடங்கள் உள்ள ரிங் கொண்ட ஒரு க்யூவுக்கு (பாக்கெட் வரிசைக்கு) 8 எம்பி. நான்கு க்யூவுக்கு 32 எம்பி.

கார்டுக்குள் உள்ள க்யூக்களும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இன்டெல் 82599 கார்டில் ஒரு போர்ட்டுக்கு 128 ஜோடி க்யூ (அனுப்ப ஒன்று, பெற ஒன்று). 64 பங்காக வெட்டினால் ஒரு பங்குக்கு 2 ஜோடி, 32 என்றால் 4. தேவைக்கு மேல் விஎஃப் உருவாக்கி வைக்காதீர்கள்.

உண்மையில் பல இடங்களில் எஸ்ஆர்-ஐஓவியே தேவைப்படாது. முதலில் கார்டின் எண்ணிக்கைகளைக் காட்டும் எத்டூல் கட்டளையில் பெரிய எஸ் (-S) கொடுத்து, பாக்கெட் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 82599-இல் 'நோ டிஎம்ஏ ரிசோர்சஸ்' எண்ணிக்கை ஏறினால் ரிங்கில் காலி இடம் இல்லை. 'மிஸ்டு எரர்ஸ்' ஏறினால் கார்டின் உள் பஃபரே நிரம்புகிறது. விழுவது விஎம்முக்குள் என்றால், விர்ட்டியோவின் பெறும் ரிங் வழக்கமாக 256 இடங்கள்தான். விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யூவில் அதை 1024 ஆக்கி விஎம்மை முழுதாக நிறுத்திக் கிளப்பினாலே, கேமராக்கள் ஒரே நேரத்தில் அனுப்பும் வெள்ளத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும்.

கோவையிலிருந்து ரிமோட்டில் இதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது: பல கார்டு டிரைவர் மென்பொருள்கள் ரிங் அளவை மாற்றும்போது இணைப்பை ஒரு கணம் அறுக்கும். விஎஃப் எண்ணிக்கையை மாற்ற, அந்த எண்ணிக்கை அமைப்பில் முதலில் 0 எழுத வேண்டும். அப்போது எல்லா விஎஃப்பும் மறைந்துவிடும் என்பதால் அவற்றைப் பயன்படுத்தும் விஎம்களை முன்பே நிறுத்துங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை மூடினால் ஆளும் மேலே வர முடியாது. ஐபிஎம்ஐ (சர்வரின் இயங்குதளம் நின்றாலும் தொலைவிலிருந்து அதைக் கையாளும் வசதி) கன்சோல் வேறொரு கேபிளில் திறந்திருப்பதை உறுதி செய்த பிறகே என்டர் தட்டுங்கள்.